9 மி.மீ., .308 தோட்டாக்களை வீட்டில் ரீலோடு செய்ய: எந்த பிரஸ், எந்தத் தராசு, எதை முதலில் வாங்குவது?

ஹூஸ்டன்வாசி:

வணக்கம். சுட்டு முடித்த கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) புது பிரைமர் (தட்டினால் பற்றும் சிறு மூடி), பவுடர், புல்லட் (முனையில் இருக்கும் குண்டு) வைத்து மறுபடி தோட்டா ஆக்கணும், அதாவது ரீலோடு செய்யணும். தேவை இதுதான்: மாதம் 9 மி.மீ. சுமார் 400, போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு .308 வின்செஸ்டர் சுமார் 60. கராஜில் 6 அடி மரமேசை இருக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கேஸ் ஒரு வாளி நிறைய சேர்ந்திருக்கு. நேரா புரோகிரசிவ் பிரஸ் (ஒரே இழுப்பில் பல கேஸில் பல வேலை செய்யும் கைப்பிடி இயந்திரம்) வாங்கிடலாமா, இல்லை சிங்கிள் ஸ்டேஜில் (ஒரு இழுப்புக்கு ஒரே வேலை) ஆரம்பிக்கணுமா? ஸ்டார்ட்டர் கிட் என்று பெட்டியா விற்கிறார்களே, அது போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கரிசல்:

பிரஸ்ஸைப் பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் செலவு நான்கு பொருளுக்கு: எந்த புல்லட்டுக்கு எவ்வளவு பவுடர் என்று சொல்லும் லோடு கையேடு (புதிய பதிப்பு) ஒன்று, தராசு, சோதனை எடைக்கற்கள், நீளம், விட்டம் அளக்க 6 அங்குல காலிப்பர். இவை சரியாக இருந்தால் சாதாரண பிரஸ்ஸிலும் நல்ல தோட்டா வரும். இவை சரியில்லை என்றால் எவ்வளவு விலையுள்ள பிரஸ்ஸும் தப்பான தோட்டாவை வேகமாகச் செய்து தரும், அவ்வளவுதான்.

தராசு: பவுடரை எடை போடுவது கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராம். 0.1 கிரெயின் வரை காட்டும் தராசு வேண்டும், அதாவது 6.5 மில்லிகிராம். இந்த அளவில் ஏசி காற்றே முள்ளை ஆட்டிவிடும். கிட்டோடு வரும் சிறிய டிஜிட்டல் தராசுகளில் எண் மெதுவாக நகரும்: பத்து நிமிடத்துக்கு முன் 0.0 காட்டியது, இப்போது வெறும் தட்டுக்கே 0.2 காட்டும். பேட்டரி இறங்குவது, மேசைக்கு மேல் பழைய டியூப்லைட், பக்கத்தில் செல்போன், கராஜ் குளிர், எல்லாமே காரணமாகலாம். போட்டு அரைமணி நேரம் சூடாக விட்ட பிறகே அளக்கவும். 9 மி.மீ.க்கு அளக்கப் போவது ஒற்றை இலக்க கிரெயின், அதனால் 5 கிரெயின் பக்கத்தில் ஒரு சோதனைக்கல், 40 பக்கத்தில் ஒன்று. 500 கிராம் கல்லை வைத்து சரிபார்த்த தராசு 5 கிரெயினில் பொய் சொல்லாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பொறுமை உள்ளவருக்கு முள் வைத்த நல்ல பீம் தராசே போதும். மின்சாரம் வேண்டாம், நகராது. சமதளத்தில் வைத்து, பூஜ்யம் பார்த்து, முள் கண்மட்டத்தில் இருக்கும்படி சின்ன ஸ்டாண்டில் ஏற்றுங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் 0.1 தவறாகப் படிப்பீர்கள்.

பொருநை:

எதையும் வாங்கும் முன் ஒரு வார்த்தை, நம்ம ஆட்களுக்கு இது முக்கியம். அமெரிக்க மத்திய சட்டத்தில் "அம்யூனிஷன்" என்பதற்கான வரையறையில் முழுத் தோட்டா மட்டுமல்ல, கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் ஒவ்வொன்றும் தனித்தனியாக அடங்கும். எச்1பி, எஃப்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ அம்யூனிஷனோ வைத்திருப்பது பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே விசாவில் இருப்பவர் வீட்டில் பிரைமர் டப்பா வைத்திருந்தாலே சிக்கல்தான். குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய லைசென்ஸ் தேவையில்லை. செய்து விற்பதைத் தொழிலாக்கினால் வகை 06 லைசென்ஸ் வேண்டும். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 5 படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்த இழை முழுக்க அமெரிக்க நிலவரம்.

ஹூஸ்டன்வாசி:

நன்றி பொருநை. கிரீன் கார்டு இருக்கு. கரிசல் அண்ணா, தராசு விஷயம் புரிஞ்சது. பிரஸ்?

நீலமலை:

400 ரவுண்டு 9 மி.மீ. என்றால் சிங்கிள் ஸ்டேஜ் வேண்டவே வேண்டாம். கணக்குப் போடுங்க. சிங்கிள் ஸ்டேஜில் பழகின கைக்கு மணிக்கு 50 வரும், அதாவது மாதம் 8 மணி நேரம். டைகளை (கேஸை வடிவாக்கும் அச்சு) ஒரு வட்டில் மாட்டிச் சுத்துற நாலு ஸ்டேஷன் டரட்டில் 150, கிட்டத்தட்ட மூணு மணி நேரம். டில்லன் 550 மாதிரி புரோகிரசிவில் 400 வந்துடும், ஒரு மணி நேரம். மெதுவா இழுத்தா புரோகிரசிவும் சிங்கிள் ஸ்டேஜ்தான். ஒரே ஒரு கேஸை மட்டும் போட்டு சுத்தி வரலாம். ரெண்டு தடவை செலவு பண்றதுக்கு ஒரே தடவை நல்லதா வாங்கிடலாம்.

கரிசல்:

நீலமலை சொல்லும் நேரக் கணக்கு சரி. ஆனால் நான் பார்ப்பது வேறு: ஒவ்வொரு கேஸிலும் பவுடர் விழுந்ததைக் கண்ணால் பார்க்கும் வேகம் என்ன? அந்த வேகம்தான் உங்கள் பிரஸ்ஸின் வேகம். அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

9 மி.மீ.யில் வேகமாக எரியும் பவுடர் கேஸில் பாதிகூட நிரம்பாது. அதனால் இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, புல்லட்டும் வழக்கம்போல உட்காரும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுடும்போது துப்பாக்கி உடையும். இதற்கு நேர்மாறு பவுடரே விழாத தோட்டா: பிரைமர் மட்டும் புல்லட்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடும். சத்தம் "டப்" என்று அமுங்கிக் கேட்கும், ஸ்லைடு முழுதாகப் பின்னால் வராது. அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். அப்படி ஒரு சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, முழுதும் காலி செய்து, துப்பாக்கியைப் பிரித்துக் குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்.

டில்லன் 550இல் ஷெல் பிளேட்டை (கேஸ்களைப் பிடித்திருக்கும் வட்டு) கையால் சுற்ற வேண்டும். சுற்ற மறந்து கைப்பிடியை மறுபடி இழுத்தால் அதே கேஸில் இரண்டாம் முறை பவுடர் விழும். அதே கம்பெனியின் 750 தானே சுற்றும். 5 ஸ்டேஷன் இருப்பதால் ஒன்றில் பவுடர் மட்டத்தைக் காட்டும் டையோ, தப்பென்றால் பிரஸ்ஸை நிறுத்தும் லாக்அவுட் டையோ மாட்டலாம். 550இல் 4 ஸ்டேஷன்தான். சீட்டிங் (புல்லட்டை உட்கார வைப்பது), கிரிம்ப் (கேஸ் வாயை இறுக்குவது) இரண்டையும் ஒரே டையில் சேர்த்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும்.

புதியவருக்கு என் தேர்வு, தானே சுற்றும் 4 ஸ்டேஷன் டரட். லீ கிளாசிக் டரட் அந்த வகை. ஒரு நேரத்தில் ஒரே கேஸ், நான்கு இழுப்பு, ஒரு தோட்டா. பவுடர் விழுந்ததும் கேஸ் கண்ணுக்கு நேரே நிற்கும். பார்த்துவிட்டு புல்லட்டை வைக்கலாம். நடுவில் இருக்கும் சுற்றும் கம்பியை எடுத்துவிட்டால் அதே பிரஸ் சிங்கிள் ஸ்டேஜாகும். .308க்கு அப்படியே பயன்படுத்துங்கள். காலிபர் மாற்ற டையோடு சேர்த்து டரட் வட்டை மட்டும் கழற்றி மாட்டினால் போதும், அரை நிமிட வேலை. புரோகிரசிவில் ஷெல் பிளேட், பவுடர் ஃபனல், பிரைமர் பாகங்கள் என்று மாற்றுச் செலவு தனி.

இன்னொன்று, பவுடர் தேர்வு. கையேட்டில் 9 மி.மீ.க்குப் பல பவுடர் இருக்கும். அவற்றில் கேஸைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான பவுடரை எடுத்தால் இரட்டைச் சார்ஜ் வழிந்து மேசையில் கொட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். பவுடர் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும்.

நீலமலை:

லாக்அவுட் டை பற்றிச் சொன்னது நியாயம், அதை ஒப்புக்கிறேன். மாதம் 1000 தாண்டினா என் பதில் 750தான். 400க்கு டரட் போதும். ஒரே ஒரு சேர்க்கை: பிரஸ் நெத்தியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டுங்க. கேஸ் வாய்க்குள்ள நேரா வெளிச்சம் விழணும். ரூம் லைட் தலைக்குப் பின்னால இருந்தா உங்க நிழல்தான் கேஸுக்குள்ள விழும், பவுடர் தெரியாது.

ஹூஸ்டன்வாசி:

சரி, டரட். டை எது வாங்கணும்? எல்லா பிரஸ்ஸுக்கும் எல்லா டையும் பொருந்துமா?

குறிஞ்சிமரம்:

ஏறக்குறைய எல்லா நவீன டைகளும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. எந்தக் கம்பெனி டையும் எந்தக் கம்பெனி பிரஸ்ஸிலும் ஏறும். விதிவிலக்கு டில்லன் ஸ்கொயர் டீல். அதற்கு அதன் சொந்த டைதான். ஷெல் ஹோல்டர் (கேஸ் அடியைப் பிடிக்கும் துண்டு) சில செட்டோடு வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

9 மி.மீ.க்குக் கார்பைடு சைசிங் டை. எண்ணெய் தடவாமல் சைஸ் பண்ணலாம். நான்கு டை உள்ள செட்டாக எடுங்கள்: சைசிங்-டீகேப்பிங் (கேஸைப் பழைய அளவுக்கு அமுக்கி, சுட்ட பிரைமரை வெளியே தள்ளுவது), வாய் விரிப்பது, புல்லட் உட்கார வைப்பது, கிரிம்ப். கிரிம்ப்பைத் தனி டையில் செய்தால் சீட்டிங் அளவும் கிரிம்ப் அளவும் ஒன்றையொன்று கெடுக்காது.

வாய் விரிப்பதில் எல்லாரும் முதலில் அதிகமாக விரிப்பார்கள். புல்லட் அடிப்பாகம் கையால் வைத்தால் சாயாமல் நிற்க வேண்டும், அது போதும். மேலும் விரித்தால் நாலைந்து சுற்றில் வாய் கீறிவிடும். 9 மி.மீ. சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) நிற்பது கேஸ் வாயை வைத்து, அதனால் டேப்பர் கிரிம்ப்தான். ரோல் கிரிம்ப் போட்டால் வாய் உள்ளே மடங்கி நிற்குமிடம் போய்விடும். கிரிம்ப்பின் வேலை விரித்த வாயைத் திரும்ப நேராக்குவது மட்டும். காலிப்பரில் வாய் ஓரம் 0.378 முதல் 0.380 அங்குலம் வந்தால் நிறுத்துங்கள். முடித்த தோட்டாவின் மூக்கை மேசை விளிம்பில் வைத்து கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், நீளம் குறையக் கூடாது. புல்லட் உள்ளே போனால் பவுடருக்கான இடம் சுருங்கி அழுத்தம் வேகமாக ஏறும், 9 மி.மீ. போன்ற சிறிய கேஸில் ரொம்பவே.

மொத்த நீளத்தின் உச்சவரம்பு 1.169 அங்குலம். அது உச்சம்தான், இலக்கு இல்லை. ஹாலோ பாயின்ட் மூக்கு குட்டையாக இருக்கும், கையேடு அந்த புல்லட்டுக்குச் சொல்லும் நீளத்தை எடுங்கள். பிறகு துப்பாக்கியின் குழலைத் தனியாகக் கழற்றி அதில் தோட்டாவைப் போடுங்கள்: "டொக்" என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் நீளத்தையோ கிரிம்ப்பையோ திருத்துங்கள்.

.308 வேறு உலகம். கழுத்துள்ள கேஸ், எண்ணெய் இல்லாமல் சைஸ் செய்யவே கூடாது. சைசிங் மெழுகை விரல்நுனியில் லேசாகத் தொட்டு உடம்பு முழுக்கத் தேயுங்கள், தோளில் (உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவு) வேண்டாம். தோளில் தேங்கிய எண்ணெய் பித்தளையைக் குழியாக அமுக்கும். கழுத்தின் உள்பக்கத்துக்கு நாலைந்து கேஸுக்கு ஒருமுறை பிரஷ்.

டை பெட்டியில் "ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, மேலும் கால் சுற்று" என்று எழுதியிருக்கும். அதை அப்படியே செய்தால் பல துப்பாக்கிகளில் தோள் தேவைக்கு மேல் பின்னால் போகும். அப்புறம் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் அடிப்பகுதிக்குச் சற்று மேலே நீளும், மெலியும், ஒருநாள் அங்கேயே இரண்டாகப் பிரியும். வெளியில் அடையாளம்: தலைக்கு மேல் கால் அங்குலம் அளவில் பளபளவென்று ஒரு வளையம். உள்ளே பார்க்க, பேப்பர் கிளிப்பை நேராக்கி நுனியை மட்டும் வளைத்து, கேஸுக்குள் அடியிலிருந்து சுவரோடு மேலே இழுங்கள். பள்ளத்தில் நுனி தடுக்கினால் அந்தக் கேஸை நசுக்கி எறியுங்கள். தடுக்க, காலிப்பரில் மாட்டி, கேஸ் அடியிலிருந்து தோள் வரை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கம்பாரேட்டர் வாங்குங்கள். சுட்ட கேஸை அளந்து, அதைவிடத் தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்னால் வரும்படி டையை இறக்குங்கள். போல்ட் ஆக்‌ஷனுக்கு அது போதும். செமி ஆட்டோவுக்கு 0.003, 0.004. கிட் பெட்டியில் இந்தக் கருவி பெரும்பாலும் இருக்காது, ஆனால் கேஸ் நீளத்தை வெட்டும் டிரிம்மருக்கு அடுத்து இதுதான் அவசியம்.

டிரிம்மர் ஏன் என்றால், .308 கேஸ் உச்ச நீளம் 2.015 அங்குலம். தாண்டினால் கழுத்து முனை சேம்பர் விளிம்பில் முட்டி புல்லட்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். 2.005க்கு வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு எடுக்கவும். சைஸ் செய்த பிறகே அளக்கணும், ஏனென்றால் சைஸ் செய்யும்போதுதான் நீளும். 9 மி.மீ.க்கு வெட்டும் வேலை நடைமுறையில் இல்லை.

ஹூஸ்டன்வாசி:

எண்ணெய் குறைந்து கேஸ் டைக்குள் சிக்கிக்கிட்டா?

குறிஞ்சிமரம்:

பலமாக இழுத்தால் விளிம்பு பிய்ந்து கேஸ் உள்ளேயே நிற்கும். அதற்காக டையைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதில்லை. டையைக் கழற்றி, உள்ளே இருக்கும் டீகேப்பிங் கம்பியை முடிந்த மட்டும் மேலே தூக்குங்கள். பிரைமர் முழுதாக வெளியேறிவிட்டதா என்று முதலில் பாருங்கள்; பிரைமர் இருக்கும் கேஸில் துளை போடவே கூடாது. பிறகு 7ஆம் எண் டிரில்லால் கேஸ் அடியில் துளைத்து, 1/4 அங்குலம் 20 புரி டேப் போட்டு, குப்பி போன்ற கிண்ணத்தை மேலே கவிழ்த்து போல்ட்டை முறுக்கினால் கேஸ் வெளியே வந்துவிடும். இதற்கென்று சிறு கிட் விற்கிறது. .308 டை வாங்கும்போதே அதையும் வாங்கி வையுங்கள்.

கரிசல்:

வாளி நிறையக் கேஸ் என்றீர்கள். ரேஞ்சில் பொறுக்கியது என்றால் முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு, ஒதுக்குங்கள். அடுத்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்சர் பிரைமர், ரீலோடு செய்யலாம். இரண்டு சிறு துளை தள்ளித் தள்ளி இருந்தால் பெர்டான், டீகேப்பிங் ஊசி உடையும். ராணுவக் கேஸில், வட்டத்துக்குள் சிலுவை முத்திரை இருந்தால், பிரைமர் குழி ஓரம் கிரிம்ப் செய்யப்பட்டிருக்கும். அதை ஸ்வேஜரால் தள்ளியோ ரீமரால் சீவியோ நீக்காமல் புதுப் பிரைமரை அழுத்தினால் அது கோணலாகி நசுங்கும்.

பிரைமர் நான்கு வகை: சிறியது பெரியது, ஒவ்வொன்றிலும் பிஸ்டல், ரைஃபிள். 9 மி.மீ.க்குச் சிறிய பிஸ்டல், .308க்குப் பெரும்பாலும் பெரிய ரைஃபிள். விட்டம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போடாதீர்கள். பெரிய ரைஃபிள் பிரைமர் உயரமும் கூடுதல், கிண்ணத் தகடும் கனம். உட்கார்ந்த பிரைமர் கேஸ் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவுங்கள். மேடாகத் தட்டினால் முதல் அடியில் வெடிக்காது. மிதக்கும் ஃபயரிங் பின் உள்ள செமி ஆட்டோவில் போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். .308க்குக் கையில் பிடிக்கும் பிரைமிங் கருவி வாங்குங்கள், அழுத்தம் விரலில் தெரியும். கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொட வேண்டாம்.

பொருநை:

சுத்தம் பண்ணும் பக்கத்தை யாரும் சொல்லலை. சுட்ட பிரைமர் கரியில் ஈயச் சேர்மம் இருக்கும். கேஸைக் குலுக்கித் தேய்க்கும் கருவியான உலர் டம்ளரில் சோளக்கட்டைத் தூளோடு ஓட்டினால் அந்தத் தூசி காற்றில் பறக்கும். மூடியைத் திறப்பதும் சலிப்பதும் வெளியில், குழந்தைகள் இல்லாத இடத்தில். துணி டிரையரில் போடும் ஷீட்டைத் துண்டாக்கி டம்ளரில் போட்டால் தூசியைப் பிடிக்கும். தரையை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவும். மேசையில் டீ, வடை எதுவும் வேண்டாம். முடித்ததும் சோப்பு போட்டு கை கழுவிய பிறகே சாப்பாடு. முடியுமானால் ஸ்டீல் ஊசியோடு ஈர டம்ளர் வாங்குங்கள், தூசி கிடையாது. ஆனால் கேஸ் முழுக்கக் காய வேண்டும், ஊசி உள்ளே சிக்காமலும் பார்க்கணும்.

சேமிப்பு: அமெரிக்க தீ விதித்தொகுப்பு என்.எஃப்.பி.ஏ. 495 வீட்டில் புகையில்லாப் பவுடர் 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவில் அனுமதிக்கிறது. பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பவுடரை இரும்புத் துப்பாக்கிப் பெட்டகத்தில் பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் திறந்த இடத்தில் அது வேகமாக எரிந்து தீரும், இறுக்கமாக அடைத்த இரும்பில் வெடிக்கும். வாட்டர் ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம். ஹூஸ்டன் கராஜ் வெயிலுக்கு வீட்டுக்குள் ஒரு மர அலமாரிதான் சரி.

நீலமலை:

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பாதான். இன்னொன்று வெளியே இருந்தா அன்னைக்கு வேலையே வேண்டாம். முடிச்சதும் ஹாப்பரில் (பிரஸ் மேல இருக்கும் பவுடர் குடுவை) மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடிடணும். எது என்று சந்தேகம் வந்த பவுடரை வாசனை வச்சோ நிறம் வச்சோ யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

ஹூஸ்டன்வாசி:

ரொம்ப நன்றி. கடைசிக் கேள்வி: பவுடரை அளந்து போடும் டிரம் மெஷர் கிட்டில் வருதே, அது 9 மி.மீ.க்கும் .308க்கும் ரெண்டுக்கும் போதுமா?

கரிசல்:

9 மி.மீ.க்குப் போதும். அது எடை பார்ப்பதில்லை, கனஅளவை அளக்கிறது. உருண்டை, செதில் பவுடர் சீராக விழும். .308க்குப் பயன்படும் குச்சிக் குச்சியான பவுடரில் குச்சி டிரம் விளிம்பில் வெட்டுப்படும், கைப்பிடியில் "நறுக்" என்று உணர்வீர்கள். சில நேரம் புனலில் பாலம் கட்டி நின்று அடுத்த கேஸில் சேர்ந்து விழும். ஆகவே .308க்கு மெஷரில் கொஞ்சம் குறைத்துத் தட்டில் போட்டு, தராசில் வைத்து, டிரிக்ளரால் சொட்டுச் சொட்டாக நிரப்புங்கள். 60 தோட்டாவுக்கு அது சுமை இல்லை.

9 மி.மீ. தொடங்கும்போது ஹாப்பரில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, பத்துப் பன்னிரண்டு முறை போட்டுத் திரும்ப ஊற்றுங்கள், பவுடர் அமரும். பிறகு பத்து சார்ஜைச் சேர்த்து எடை போட்டுப் பத்தால் வகுங்கள், தனியாகவும் மூன்றைப் போடுங்கள். சராசரி சரியாக வந்து தனித்தனி 0.2 ஆடினால் மெஷர் மேசையோடு ஆடுகிறது என்று பொருள். மேசைக் காலைச் சுவரோடு திருகி முடுக்குங்கள், பிரஸ்ஸுக்கு அடியில் இரண்டு அடுக்கு ஒட்டுப்பலகை வையுங்கள். கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், மேலும் கீழும் ஒரே மாதிரி தட்டி இழுங்கள். ஒவ்வொரு 20 தோட்டாவுக்கும் ஒன்றை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். முதல் 10 தோட்டாவை, கையேட்டில் உள்ள தொடக்க அளவிலேயே செய்து சுட்டுப் பார்த்த பிறகு மீதியைச் செய்யுங்கள்.